மூன்றாவது ஓலை

பிரபாவுக்கு மூத்திரக் கோளாறு என்று வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து முடிவு கட்டி ஒரு வருஷம் ஆகியிருந்தது. முடிவு கட்டியதில் முதல் ஆள் அவளுடைய அண்ணன் ஏசுதாஸ். படூரில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் துப்புரவு வேலைகளுக்கு சூப்பர்வைசர் அவன். எந்த பிளாக்கில் எந்தக் குழாயில் அடைப்பு என்று தேடியே பழகிப்போனவன் தங்கச்சியை மட்டும் சும்மா விடுவானா? செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு இட்டுப்போய் ரத்தம், மூத்திரம், சர்க்கரை, வயிற்று ஸ்கேன் என்று ஒன்று விடாமல் பார்த்தான். டாக்டரம்மா காகிதங்களைப் புரட்டிவிட்டு, "இவங்களுக்கு ஒண்ணுமே இல்ல. உங்களவிட நல்லா இருக்காங்க" என்றாள். ஏசுதாஸுக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. வியாதி என்றாலாவது மாத்திரை கொடுப்பார்களே என்று இருந்தது.

ஏனென்றால் கோளாறு நின்றபாடில்லை. விருந்தாளி வந்து உட்கார்ந்தால் பிரபாவின் கழுத்தில் தொங்கும் ஃபோன் சொல்லும்: "நான் கழிவறைக்குச் செல்ல வேண்டும்." தலைக்கு எண்ணெய் வைக்கப் போனால் சொல்லும். பாகற்காய் போட்டால் சொல்லும். அதுவும் வானொலியில் செய்தி வாசிப்பது போல, சுத்தமான தமிழில். குரல் ஏசுதாஸின் மகள் சிநேகாவுடையது. கல்லூரியில் படிக்கிற பெண். அத்தைக்காகப் பேசுகிறோமே, மரியாதையாக இருக்கட்டும் என்று அப்படிப் பதிந்து வைத்துவிட்டாள்.

பிரபாவுக்கு வயது முப்பத்தெட்டு. பிறந்ததிலிருந்தே மூளை வளர்ச்சி மெதுவானவள். பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை, ஓர் எழுத்தும் தெரியாது. வாய்விட்டு நாலைந்து ஓசைகள் வரும். அந்த ஓசைகளுக்கு அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் அவளைப் பெற்றவள்தான். அவள் போன பிறகு பிரபா 'ங்ங்ஆ' என்றால் பசியா, பல்வலியா, பயமா என்று சொல்ல ஊரில் ஆளில்லை. பாவம், கொஞ்ச நாள் கத்திப் பார்த்தாள். யாருக்கும் விளங்கவில்லை என்று தெரிந்ததும் கத்துவதையும் விட்டுவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் செங்கல்பட்டில் ஒரு முகாமில் சஹானா என்கிற சிறப்புப் பயிற்சியாளர் ஏசுதாஸுக்கு இந்த ஃபோன் ஆப்பைக் காட்டினாள். ஃபோனில் படங்கள் வரிசையாக இருக்கும். படத்தைத் தொட்டால் அது பேசும். என்ன படம், என்ன பேச்சு என்பதையெல்லாம் வீட்டுக்காரர்களே போட்டுக்கொள்ளலாம். ஏசுதாஸ் இரண்டு சாயந்தரம் உட்கார்ந்து தானே எல்லாம் செய்தான். வீட்டுச் சொம்பைப் படம் பிடித்துத் தண்ணீருக்கு, தட்டைப் பிடித்துச் சோற்றுக்கு, பாயைப் பிடித்துத் தூக்கத்துக்கு. டீ, வலி, கழிவறை. தன் பழைய ஃபோனைக் கொடுத்தான். அதற்கு ஒரு துணிப்பை தைத்துக் கழுத்தில் மாட்டினாள் அவன் மனைவி செல்லம்மா. முதல் தடவையாகப் பிரபா சொம்பைத் தொட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்த அன்று ஏசுதாஸ் அழுதுவிட்டான். அதில் ஒன்றும் வெட்கமில்லை, யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள்.

சஹானா ஒன்று சொல்லியிருந்தாள். மற்றதெல்லாம் அப்புறம், 'வேணும்', 'வேணாம்' இந்த இரண்டையும் முதலில் போடுங்கள் என்று. ஏசுதாஸ் வீட்டில் அதைச் சொன்னபோது செல்லம்மா, "வாயில்லாதப்பவே இம்மா அடம் புடிக்கிறா. வேணான்னு சொல்றதுக்கு வாய் வேற வாங்கிக் குடுக்கணுமா?" என்றாள். அவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். அந்த அப்புறம் வரவேயில்லை.

இந்த நிலைமையில்தான் பிரபாவைக் கட்டிக்கொள்கிறேன் என்று ஜெபசிங் வந்தான். திருவிடந்தையில் ஒரு ரிசார்ட்டில் தோட்ட வேலை. மனைவி தவறிவிட்டாள், பிள்ளை இல்லை. குடி கிடையாது, குரல் உயர்த்திப் பேசத் தெரியாது. "ஆக்கிப் போடறதெல்லாம் நானே பாத்துக்குவேன் மச்சான். வேல முடிஞ்சி போறப்ப வூட்ல ஒரு ஆளு இருந்தா போதும். இருட்டு வூட்டுக்குப் போயி பூட்டத் தொறக்கறது பேஜாரா கீது" என்றான். இதைக் கேட்ட பிறகு எந்த அண்ணன்தான் யோசிப்பான்? பிரபாவைக் குளிப்பாட்டிக் குளிப்பாட்டியே செல்லம்மாவுக்கு இடுப்பு போய்விட்டது. சிநேகா நாளைக்குக் கல்யாணமாகிப் போய்விடுவாள். தனக்குப் பிறகு யார் என்கிற கேள்வி சாப்பிடும்போதுகூட ஏசுதாஸை விட்டதில்லை. தங்கச்சி மேல் பாசம் இருந்தது. களைப்பும் இருந்தது. இரண்டும் உண்மைதான்.

ஜெபசிங் வரும்போதெல்லாம் கடலைமிட்டாய் வாங்கி வருவான். பிரபா வாங்கித் தின்பாள். அதற்குச் சம்மதம் என்று பெயர் வைத்தார்கள்.

வேதக் கோயிலில் கல்யாணம் என்றால் அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். ஆராதனை நடுவில் போதகர் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் சொல்லி, இவர்களை இணைப்பதற்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் இப்போதே சபைக்கு அறிவியுங்கள் என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். யாரும் எதுவும் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. அந்த இடைவெளியில் குழந்தைகள் அழும், ஃபேன் சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

முதல் ஓலையன்று அந்த இடைவெளியில் பெண்கள் பக்கத்திலிருந்து கணீரென்று கேட்டது: "நான் கழிவறைக்குச் செல்ல வேண்டும்."

சபை குனிந்து சிரித்தது. செல்லம்மா அவளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். இரண்டாவது ஓலையன்று, எதற்கும் இருக்கட்டும் என்று ஆராதனைக்கு முன்பே கூட்டிப்போய் வந்து உட்காரவைத்தார்கள். போதகர் பெயர்களை வாசித்து நிறுத்தினார். "நான் கழிவறைக்குச் செல்ல வேண்டும்" என்றது ஃபோன். இந்தத் தடவை போதகரே சிரித்துவிட்டார். ஜெபசிங்கின் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அங்க வந்தும் இப்டியேதான் இருக்குமா?" என்று வாசலில் செல்லம்மாவிடம் கேட்டாள்.

அந்த வாரத்தின் நடுவில் அந்த அக்காவே முகூர்த்தச் சேலையைக் கொடுத்தனுப்பினாள். அன்று ஏசுதாஸ் லீவு போட்டுவிட்டுத் தன் வீட்டு பாத்ரூமுக்குள் குந்தியிருந்தான். ஊர்க் குழாயையெல்லாம் பார்க்கிறவன் வீட்டுக் குழாய் மாதக்கணக்காக ஒழுகிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் ஸ்பேனரை எடுக்க மனசு வந்தது. கூடத்தில் செல்லம்மா ரவிக்கைக்கு அளவு பார்ப்பதற்காகச் சேலையைப் பிரித்துப் பிரபாவின் தோளில் போட்டாள். "நான் கழிவறைக்குச் செல்ல வேண்டும்" என்று கேட்டது. பிரபா விறுவிறுவென்று வந்தாள்.

"தோ, எய்ந்துட்டேன் மா" என்று ஏசுதாஸ் சாமான்களைத் தள்ளிவிட்டு வெளியே வந்து வழிவிட்டான்.

அவள் உள்ளே போகவில்லை. கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றாள். உள்ளே ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை, கூடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லம்மா சேலையை மடித்துப் பையில் வைத்தாள். பிரபா நிதானமாகத் திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஏசுதாஸ் ஸ்பேனரும் கையுமாக நின்றான். "செல்லம்மா, அந்த சேலய இன்னொரு தபா எடு."

"இன்னாத்துக்கு?"

"எடு, சொல்றேன்."

எடுத்தாள். ஃபோன் பேசியது. பிரபா எழுந்து வந்து சுவரில் சாய்ந்தாள். சேலை பைக்குள் போனது. பிரபா திரும்பிப் போனாள். ஏசுதாஸ் அதோடு விடவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தைக் காட்டினான். பவுடர் டப்பாவைக் காட்டினான். மத்தியானம் மீந்த பாகற்காயைக் கொண்டுவந்து காட்டினான். ஒவ்வொன்றுக்கும் அவள் பொறுமையாகக் கழிவறைக்குப் போகவேண்டும் என்றாள். டீயைக் காட்டினான், இரண்டு கையும் நீட்டினாள்.

ஒரு வருஷமாக அவள் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு வருஷமாக இவர்கள் அவளைக் கக்கூஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இருந்த பட்டன்களிலேயே அதற்குத்தான் வீட்டில் மரியாதை. தண்ணீர் கேட்டால், இரு வரேன் என்பார்கள். வலி என்றால், எங்கே என்று கேட்டுவிட்டு மறந்துபோவார்கள். கழிவறை என்றால் மட்டும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடி வழிவிடுவார்கள். கேட்டதும் நடக்கிற ஒரே வார்த்தை அதுதான் என்று அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

சஹானாவுக்கு ஃபோன் போட்டான். விஷயத்தைக் கேட்டு அவள் திட்டவில்லை, அதுவே அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

"வேணாம்னு ஒண்ணு இன்னிக்கே போட்டுடுங்கண்ணா" என்றாள்.

"போட்டா நாள் பூரா அதையே அமுக்கினு இருப்பாளே மா."

"அமுக்கட்டுமே. நீங்க ஒரு நாளைக்கு எத்தன தடவ சொல்வீங்க?"

அவன் யோசித்துப் பார்த்தான். வேலை செய்யும் இடத்தில் அவனுக்குத் தெரிந்தது, சரி சார், பண்ணிடலாம் சார். அசோசியேஷன்காரர் விடிவதற்குள் கூப்பிட்டாலும் சரி சார்தான். சஹானாவிடமும் சரி மா என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தான்.

இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளி, சனிக்கிழமை பட்டனைச் செய்ய உட்கார்ந்தபோது சிநேகா இல்லை, கல்லூரியில் பிராக்டிகல். குரலுக்குத் தானே ஆளானான். உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டான். பிரபா பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தாள். முதலில் "வோணாம்" என்று பதிந்தான். கேட்டால் யாரையோ அதட்டுவது போலிருந்தது. இன்னொரு தடவை பதிந்தான்; கெஞ்சுவது போலிருந்தது. சும்மா ஒரு வார்த்தையை அதற்குரிய அளவில் சொல்ல அவனுக்குப் பழக்கமில்லை. கடைசியில் ஒன்று சுமாராக அமைந்தது.

செல்லம்மா வாசற்படியில் நின்று பார்த்தாள். "ரெண்டு ஓலை வாசிச்சாச்சி. பத்திரிக குடுத்தாச்சி. இப்பப் போயி இத்த அவ கையில குடுக்கற. நாளிக்கி இன்னா ஆவும்னு யோசிச்சியா?"

"சேலயத்தானே வோணான்னா. ஆள வோணான்னு சொன்னாளா?"

"அப்ப கேளு. தோ ஒக்காந்துனு கீறாளே, கேட்டுடு."

அவன் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம். மற்றதையெல்லாம் கேட்டான். எண்ணெய்? வோணாம். பவுடர்? வோணாம். டிவி சீரியல்? வோணாம். பிரபா ஒவ்வொரு தடவையும் பட்டனை அமுக்கிவிட்டு அவன் முகத்தைப் பார்ப்பாள். அவன் அந்தப் பொருளை எடுத்துக்கொண்டு போனதும் அவள் சிரிப்பு காது வரை போகும். அம்மா போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. செல்லம்மாகூட ஒரு கட்டத்தில் சீப்பைக் கொண்டுவந்து, "இதும் வோணாமா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்படியே பொழுது போய்விட்டது. ஜெபசிங்கின் பெயரை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. மூன்றாவது ஓலை என்பதால் ஜெபசிங்கும் அவன் அக்காவும் உறவுக்காரர்கள் நாலைந்து பேரும் திருவிடந்தையிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெபசிங் புதுச் சட்டை போட்டிருந்தான், காலருக்குள் அட்டைகூட எடுக்கவில்லை. பிரபா பெண்கள் பக்கத்தில் ஓரத்து நாற்காலியில். அவளுக்கு நேராக, நடுவழிக்கு இந்தப் பக்கம் ஏசுதாஸ். ஃபோனை இன்றைக்கு மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வரலாமா என்று காலையில் அவனுக்குத் தோன்றியது உண்மை. கையில் எடுத்தும்விட்டான். பிறகு அவள் கழுத்தில் தானே மாட்டினான்.

போதகர் பெயர்களை வாசித்தார். திருவிடந்தையைச் சேர்ந்த ஜெபசிங், படூரைச் சேர்ந்த பிரபா, இது மூன்றாவதும் கடைசியுமான ஓலை, தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். நிறுத்தினார். சபை வழக்கமான சிரிப்புக்குத் தயாராக இருந்தது.

"வோணாம்."

ஆண் குரல். ஏசுதாஸின் குரல். சபை முழுக்கத் தெரிந்த குரல்தான். வாரா வாரம் காணிக்கைப் பை எடுத்து வருகிறவன் அல்லவா. அத்தனை தலையும் அவன் பக்கம் திரும்பியது. யாரும் சிரிக்கவில்லை. போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

ஜெபசிங்கின் அக்கா எழுந்துவிட்டாள். "நீதானே வந்து பேசி முடிச்ச? இப்ப சபைல வெச்சி நீயே வோணான்றியா?"

ஏசுதாஸ் எழுந்திருக்கவில்லை, வாயைத் திறக்கவும் இல்லை. ஆனால் அவன் சொன்னதாகத்தான் எல்லோரும் கேட்டார்கள். ஃபோனில் கோளாறு, தெரியாமல் கை பட்டுவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சபை சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடும். சரிங்க ஐயா, ஒன்றுமில்லைங்க ஐயா என்பது நாக்கு நுனி வரை வந்தது. நடுவழிக்கு அந்தப் பக்கம் பிரபா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போவானா மாட்டானா என்று பார்த்தாளே, அதே பார்வை.

எழுந்து நின்றான். "கொரலு என்னுதுங்க ஐயா" என்றான். "சொன்னது அவ."

போதகருக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு பீடத்திலிருந்து இறங்கி வந்து பிரபாவின் முன்னால் குனிந்தார். ஜெபசிங்கைக் கையால் காட்டி, "பிரபாம்மா, இவரக் கல்யாணம் பண்ணிக்கினு இவரு வூட்டுக்குப் போறியா?" என்று மெதுவாகக் கேட்டார். இத்தனை மாதத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

பிரபா ஜெபசிங்கைப் பார்த்தாள். ஃபோனைப் பார்த்தாள். விரலை நீட்டி, அவசரப்படாமல் தொட்டாள்.

"வோணாம்" என்றான் அவள் அண்ணன், அவள் கழுத்திலிருந்து.

போதகர் கையிலிருந்த காகிதத்தை இரண்டாக மடித்துப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். "ஓலை நின்றது" என்று சபைக்குச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். பாட்டு கொஞ்சம் தடுமாறித்தான் ஆரம்பித்தது.

ஆராதனை முடிந்ததும் ஜெபசிங்கின் அக்கா யார் முகத்தையும் பார்க்காமல் வேனில் ஏறிவிட்டாள். ஜெபசிங் மட்டும் ஏசுதாஸிடம் வந்தான். மச்சான் என்று கூப்பிட்ட வாய் இன்றைக்குத் தடுக்கியது.

"அண்ணாத்த, நான் குடுத்த முட்டாயெல்லாம் வாங்கிச்சே. அதான் இஷ்டம்னு நெனச்சேன்."

"நானும் அப்டித்தான் நெனச்சேன்" என்றான் ஏசுதாஸ். "வாங்காம இருக்கறதுக்கு அவகிட்ட வழி இல்ல ஜெபசிங்கு. நாந்தான் வெக்கல."

ஜெபசிங் சட்டைப்பையிலிருந்து அன்றைய பொட்டலத்தை எடுத்தான். கொடுப்பதா வேண்டாமா என்று தயங்கிவிட்டுப் பிரபாவின் பக்கம் நீட்டி, "இது வோணுமா, வோணாமா?" என்று கேட்டான். அவள் பட்டன் பக்கமே போகவில்லை, பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டாள். அவன் சிரித்தான். நல்லவன், சிரிக்க முடிந்தது அவனால். போகும்போது ஒரு தடவைதான் திரும்பிப் பார்த்தான். மாலை அவன் போய் அந்தப் பூட்டைத் திறக்கவேண்டும் என்பதை நினைத்துக்கொண்டே ஏசுதாஸ் வேன் மறையும் வரை நின்றான்.

செல்லம்மா ஷேர் ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது, ஊர் என்ன பேசும் என்பது அவளுக்கு இப்போதே கேட்டது. ஆனாலும் பிரபாவின் தோளைத் தொட்டு, "வா, வூட்டுக்குப் போலாம்" என்றாள்.

"வோணாம்."

"இது இன்னாடா வம்பு" என்றாள் செல்லம்மா. ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். ஏசுதாஸ் செல்லம்மாவை மட்டும் ஏற்றி அனுப்பினான்.

கோயில் மதில் ஓரத்துச் சிமென்ட் திண்டில் பிரபா உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்றுகொண்டிருந்தாள். அவன் எதிரில் நின்றான். டீ குடிக்கலாமா என்றான். வோணாம். பஸ்ஸில் கேளம்பாக்கம் போகலாமா? வோணாம். தலை வலிக்கிறதா? வோணாம் என்று அதற்கும் அமுக்கினாள். கேட்பதற்கு அவனிடம் இருந்தது அவ்வளவுதான்.

"அப்ப இன்னாதான் மா வோணும் ஒனக்கு?"

கேட்டுவிட்டு, பதிலுக்காகப் பழக்கத்தில் அவனும் ஃபோனைத்தான் பார்த்தான். சொம்பு. தட்டு. பாய். டீ. வலி. கழிவறை. இப்போது ஒரு கை. ஓர் உயிரைச் சாகாமல் வைத்திருக்கத் தேவையானதெல்லாம் அதில் இருந்தது. அவளுக்கு என்ன பிடிக்கும், யாரைப் பார்க்க ஆசை, எங்கே போக ஆசை, ஒன்றுக்கும் படமில்லை. இருந்தால் அது என்ன படமாக இருக்கும் என்றும் கூடப்பிறந்த அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது.

பிரபா மிட்டாயை மெல்வதை நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு ரோட்டைப் பார்த்தாள். கேள்வி அவளுக்குப் புரிந்துவிட்டது போலத்தான் இருந்தது. இத்தனை வயதுக்கு யாரும் அவளைக் கேட்காத கேள்வி, யோசிக்க நேரம் பிடிக்காதா? ஏசுதாஸ் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமைதானே, அவனுக்கு வேறு வேலை இல்லை.